நடுவில் பம்ப் இல்லாத 250 கிலோமீற்றர்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. குட்மேய்ஸில் மத்தியானமே லைட் போட வேண்டியிருக்கிறது. மகள் இயலுக்குச் சளி, நேர்சரி இல்லை. மூக்கைத் துடைத்துத் துடைத்து மூக்கடி சிவந்துவிட்டது.

பயணத்துக்கு 47 நாள். செய்ய:
– வாடகைக் கார்காரருக்கு மெயில். ஃபுல் டாங்க் அடித்தால் எவ்வளவு ஓடும்?
– பிள்ளைக்கு கார் சீற்
– பெற்றோல் எங்கே, எவ்வளவு, மொத்தச் செலவு

மூன்றாவது என் தலையில். என் கணவர் சுதன் பகல் முழுக்க டெலிவரி வான் ஓட்டுகிறவர், ஆனால் பாலைவனம் என்றதும், "ஒழுங்கான பிளான் ஒண்டு காட்டும், வாறன். இல்லாட்டி நான் பிள்ளையை ஏத்த மாட்டன்."

அண்ணையைப் பார்த்துப் பதின்மூன்று வருடம். படகில் ஒஸ்ரேலியா போனவர். இன்றைக்கும் தற்காலிக விசாதான், வெளியே வந்தால் திரும்பிப் போக ஏலாது. பாலைவன ஊர் கூபர் பீடிக்கு அங்கால் 170 கி.மீ. மண்பாதை, அதில் பம்பும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த ஒரு ரோட்ஹவுஸ். சமையல், பம்ப், கக்கூஸ் கழுவல், எல்லாம் அவர். அகதிகள் தடுப்பு முகாமிலிருந்து விட்ட பிறகு பஸ், சனம், ரோடு எல்லாவற்றுக்கும் பயம். ஆறு வருடமாக அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஆகவே நாங்கள்தான் போகவேண்டும்.

ஒக்டோபரில் ஃபோனில் சொன்னார்: "எனக்கு ஒண்டு நடந்தாலும் இஞ்ச ஒருத்தருக்கும் தெரியவராது, பிள்ளை." சும்மா, கறி என்ன என்று சொல்வது போல. அன்றைக்கே ரிக்கெட் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

கார்காரரின் பதில்: ஃபுல் டாங்குக்கு 560. இவ்வளவுதான், ஒரு வரி.

பிளான் (இயல் தூங்கிய ஒன்றரை மணித்தியாலத்தில்):
அடிலெய்ட் – போர்ட் ஒகஸ்டா, 310 கி.மீ. ஃபுல் டாங்க்.
போர்ட் ஒகஸ்டா – கூபர் பீடி, 540 கி.மீ. = 335 மைல். 560இல் 335 போனால் 225 மிச்சம்.

இடையில் பம்ப்கள் இருக்கின்றன, ஆனால் விலை கண்ணைக் குத்துகிறது. விடலாம். கடைசிப் பம்புக்கும் கூபர் பீடிக்கும் நடுவே 250 கி.மீ. ஒன்றுமே இல்லை. கடை இல்லை, வீடு இல்லை, சிக்னல் இல்லை. 225 மைல் கையில் இருக்க என்ன பயம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாலு தரம் கூட்டிப் பார்த்தேன். பல வருடத்துக்குப் பிறகு ஒரு வேலையை முழுதாகச் செய்த மாதிரி இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கும்போது பின்னால் ஒரு அக்கா, பக்கத்தில் நின்றவவிடம்: "டிசெம்பரில ஒஸ்ரேலியாவாம். காசு முளைக்குது போல." திரும்பிப் பார்க்கவில்லை. கத்தரிக்காய் இரண்டு சூத்தை.

பிளானைப் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீல ரிக் வந்தது. பதில் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

சுதன் கொப்பியைப் பார்த்தார். கன நேரம். பிறகு மெதுவாக:

"560 எண்டு அவன் அனுப்பினது கிலோமீற்றரப்பா. அங்க மைல் எண்டு ஒண்டு இல்லை."

"எங்கட கார் மைலிலதானே காட்டுறது?"

"எங்கட கார் இல்ஃபர்டில ஓடுது."

ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கார் ஏ.சி., சாமான், பிள்ளை எல்லாவற்றோடும் 480 ஓடினால் பெரிய காரியம் என்றார். போக வேண்டியது 540. அந்த 250 கிலோமீற்றருக்குள், நடு வெயிலில், என் இரண்டு வயதுப் பிள்ளையோடு வண்டி நின்றிருக்கும். பம்பையும் விட்டுவிட்டு வந்திருப்போம். ஒரு டாங்குக் காசு மிச்சம் பிடிக்க.

கணிதத்தில் பட்டம். சட்டம் போட்டுச் சுவரில் இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

இரண்டு நாளாகச் சரியான நித்திரை இல்லை. கண்ணை மூடினால் கார் சீற்றில் இயல், நாக்கு வறண்டு. "ஒவ்வொரு பம்பிலயும் அடிச்சால் முடிஞ்சுதே, சும்மா கிடவும்" என்கிறார் சுதன். அவருக்கு விளங்கவில்லை. இதைப் பிழைவிட்டவள் வேறு எதையெல்லாம் பிழைவிட்டிருப்பாள்? தண்ணீர்? ரயர்? மண்பாதை?

காலை, நேர்சரி வாசலில் நின்று ரிக்கெட்டைக் கான்சல் பண்ணினேன். மூன்று தட்டல். காசில் பாதிகூடத் திரும்பாது. சுதனிடம் பின்னேரம் சொன்னேன். "உம்மட விருப்பம்" என்றார், தேத்தண்ணியைப் பார்த்தபடி.

அண்ணைக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இரண்டு வசனம் எழுதி வெட்டினேன்.

நவம்பர் 13, வியாழன்

நான் எடுக்க முன்னம் அவரே எடுத்தார். காலை ஒன்பது, அங்கே இரவு. குரல் வேறு மாதிரி. மூச்சு வாங்கிக்கொண்டு.

"பிள்ளை, உன்ர கணக்குப் பாத்தனான். பிழை. உடன சொன்னால் நீ பயந்துபோவாய் எண்டு சொல்லேல்லை."

கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"முதலாளியின்ர பிக்கப்பை வாங்கிக்கொண்டு இண்டைக்கு வெளிக்கிட்டனான். கூபர் பீடியும் தாண்டி, தெற்க நூற்றிருபது கிலோமீற்றர். பயத்தில ரெண்டு தரம் நிப்பாட்டினனான். ஆனா போனனான். ஒரு மரம் நிக்குது. அதுக்குக் கீழ ரெண்டு கான் பெற்றோலோட நிண்டு பாத்தனான். நீங்கள் வாற அண்டைக்கும் அதிலதான் நிப்பன். உன்ர கார் அதுமட்டும் ஓடும்."

"அண்ணை..."

"ஆறு வருசத்தில இண்டைக்குத்தான் கேற்றுக்கு வெளிய போனனான். முதலாளி நம்பேல்லை, சிரிக்கிறான்."

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

"சொல்லு, மருமகளுக்கு என்ன ஜூஸ் பிடிக்கும்? ஐஸ் பெட்டியில போட்டுக்கொண்டு வாறன்."

அப்பிள் என்றேன். ரிக்கெட்டைக் கான்சல் பண்ணியதைச் சொல்லவில்லை.