அத்தையின் பூப்போன்ற வயிறும் உன் உணவுப் பட்டியலும்

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமா? எல்லோரும் கேட்கிற கேள்விதான், ஆனால் உன் அப்பா வீட்டு ரத்தம் ஓடுகிற யாரைப் பற்றியும் இதற்கு எனக்குப் பதில் தெரியாது, குடலுக்குள் கேமரா போய்ப் பார்த்தால்தான் தெரியும். நான் நலம், எனக்கு அந்த ரத்தம் இல்லை.

நீ அனுப்பிய உணவுப் பட்டியல் கிடைத்தது. அழற்சியைக் குறைக்கிற சாப்பாடு குடலில் முளைக்கிற பாலிப்புக் கட்டிகளை அடக்கிவிடுமாம், அதனால் வருஷா வருஷம் செய்ய வேண்டிய கேமரா பரிசோதனையை இந்த வருஷமும் தள்ளிவைத்திருக்கிறாயாம். ஆதாரமாக வைத்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொஞ்சம் பேர், மூன்று மாதம், ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு இறங்கியது, அவ்வளவுதான். எழுதியவர்களே சொல்லத் துணியாததை நீ அவர்கள் சார்பில் சொல்கிறாய், இருபத்திரண்டு வருஷமாகப் புள்ளியியல் பாடம் நடத்துகிறவளின் பெண். கீரை சாப்பிடு, மீன் சாப்பிடு, பொரித்ததை விடு, வேண்டாம் என்றா சொல்வேன். ஆனால் உன் அப்பா சிகரெட் தொட்டவரில்லை, பொரித்ததும் தொட்டவரில்லை, நாற்பத்தொன்றில் குடல் புற்றுநோயில் போனார். அவருடைய ஒழுக்கத்தைப் பார்த்துப் பாலிப்புகள் கூச்சப்படவில்லை. அதே பரம்பரைக் கோளாறு உனக்கும் இறங்கியிருக்கிறது என்று மரபணுச் சோதனையில் வந்த பிறகும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

உன் அத்தைக்கும் ஜிம்மில் ஓர் ஆலோசகர் கிடைத்திருக்கிறார், மூன்று வாரம் படித்துச் சான்றிதழ் மாட்டியவர், நான் வைத்த பேர் மஞ்சள்தூள் மகாராஜா. சமையலறை முழுக்க அவருடைய டப்பாக்கள், உள்ளே என்ன என்று ஒன்றிலும் எழுதியில்லை. கேட்டால், அண்ணி, உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம், என் வயிறு இப்போ பூ மாதிரி இருக்கு என்கிறாள். மூன்று வருஷம் டிமிக்கி கொடுத்தவளைக் கெஞ்சி மிரட்டி நாளைக் காலை எட்டு மணிக்குக் கேமரா பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், பூவைப் பார்த்துவிடலாம்.

நேரத்துக்குத் தூங்கு. நீ என்னைவிட நெடுநாள் இருக்க வேண்டும், என் ஆசி அவ்வளவுதான். அடுத்த கடிதத்தில் பரிசோதனைத் தேதியை எழுது, பட்டியல் வேண்டாம்.

கோபமாக இருக்கிற
உன் அம்மா

மறுநாள் மாலை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். கேமரா பாதி வழியில் திரும்பிவிட்டது. விதை வகைகளை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது, இவள் நேற்று முன்தினம் வரை மகாராஜாவின் ஆளிவிதையைத் தினம் இரண்டு கரண்டி விழுங்கியிருக்கிறாள், விட்டால் அழற்சி வந்துவிடுமாம். அதற்கு மேல் விதையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். தெரிந்த பாதியில் இரண்டு பாலிப், எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார், மீதிக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார். அத்தை வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் கிண்டல் செய்யவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கு இருக்கிறது என்று நர்ஸ் கேட்டார். என் மகளுக்கு, இருபத்துநான்கு வயது என்றேன். அவளுக்குக் கடைசியாக எப்போது கேமரா விட்டுப் பார்த்தது என்றார். இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.