திரை விலகும்போது திரும்பி நின்றவருக்கு

அண்ணி,

இன்று காலை என் மகள் உங்கள் வீட்டு அடுப்பில் கத்தரிக்காயைச் சுட்டாள். கொத்சு வாசனை கூடத்துக்கு வந்ததும், நீங்கள்தான் அடுக்களையில் நிற்கிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். நம் பேரனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தியம்மா கோயம்புத்தூரிலிருந்து முதன்முறையாகச் சிதம்பரம் வந்திருக்கிறார். அவருக்காகத்தான் கொத்சு. நீங்கள் இருந்திருந்தால், "சாப்ட்டுச் சட்டுனு கெளம்புங்க, ஊரு காத்துக்கிட்டு இருக்குது" என்று விரட்டியிருப்பீர்கள்.

என்னையும் அப்படித்தானே விரட்டினீர்கள். என் மகள் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. ஒரு நாள் போனில் அழுதாள். "எங்க திரும்புனாலும் கூட்டம்மா. வீதியில எறங்கவே பயமா இருக்குது. வந்து அழைச்சிக்கிட்டுப் போயிடு." பெண்ணாடத்தில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வளர்ந்த பெண். பெற்ற வயிறு கேட்குமா? உடனே பஸ் ஏறினேன். சேத்தியாத்தோப்பு தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன், திரும்பும்போது அவளும் என்னோடு வருகிறாள் என்று. அவள் துணிகளை அடுக்க ஒரு வெறும் பையையும் கையில் வைத்திருந்தேன்.

அந்தப் பையைப் பார்த்தீர்கள். இலையில் இட்லியும் கொத்சும் வைத்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டீர்கள்.

"ஒங்கம்மா ஊரு பாக்க வந்துருக்காங்க. நீதான் கூட்டிக்கிட்டுப் போற. நா பின்னாலயே வர்றேன்."

"எனக்கே ஒண்ணும் தெரியாதே அத்தை."

"வாயுள்ள புள்ள பொழைக்கும். கேட்டுக் கேட்டுப் போ."

அண்ணி, அந்த ஒரு நாளில்தான் எவ்வளவு பார்த்தோம்! பிச்சாவரத்தில் படகு அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேல் மரங்களே கூரை போட்டுவிட்டன. துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. வயல் தண்ணீரை மட்டுமே பார்த்த நான் அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்து கீழவீதிக்கு வந்தால் அதற்கு நேர்மாறு. பூக்கடையும் வளையல் கடையும் ஆட்டோ சத்தமுமாக ஒரே அமளி. நடக்கவே பயம் என்றவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதியைக் கடந்தாள். கோயில் கோபுரத்தின் கீழே நிறுத்தி, "இந்த ஆடுற சிலைங்களப் பாரும்மா, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது" என்றாள். அதை வாசலில் பூக்காரம்மாவிடம் அப்போதுதான் கேட்டிருந்தாள். ஆனால் சொன்ன தோரணை, பிறந்ததே அங்கேதான் என்பது போல. நீங்கள் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தீர்கள்.

பொன் வேய்ந்த அம்பலத்தின் முன் மாலைப் பூஜைக்கு நின்றோம். மணிகள் அதிர்ந்தன. திரை விலகியது. தீப வெளிச்சத்தில் அந்தத் தூக்கிய திருவடி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால், நீங்கள் எங்கள் பக்கம் திரும்பி நிற்கிறீர்கள்.

"என்ன அண்ணி, நீங்க சாமி பாக்கலயா?"

"அவரு எங்க போயிடப் போறாரு, தெனம் பாக்குறேன். மொத தடவ பாக்குறவங்க மொகம் தெனம் கெடைக்குமா?"

அப்போதுதான் நானும் என் மகளின் முகத்தைப் பார்த்தேன். போனில் அழுத பெண் அங்கே இல்லை. "அடுத்த தடவ வரும்போது தில்லைக்காளி கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேம்மா" என்றாள். ஊருக்கு நான் மட்டும் திரும்பினேன். அந்தப் பையை வெறுமனே அனுப்ப உங்களுக்கு மனம் வரவில்லை. கொத்சு வைக்கச் சொல்லிக் கத்தரிக்காயால் நிரப்பியிருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகு, வருகிறவர்களுக்கு இனி இந்த ஊரை யார் காட்டுவார்கள் என்ற கவலை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ஊர் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காட்டுகிறவர் இல்லாவிட்டால் அது கூட்டமும் சத்தமும்தானே.

இன்று மாலை என் மகள் எங்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் உங்கள் பேச்சுதான் அவள் வாயில். பூஜை மணி அடித்தது. திரை விலகியதும் கோயம்புத்தூர் சம்பந்தியம்மா கைகூப்பியபடி தேம்பிவிட்டார். என் மகள் சாமியைப் பார்க்கவில்லை, அண்ணி. எங்கள் பக்கம் திரும்பி, அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானும் இன்று சாமியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.