சாரை யார் வெளியே வரச் சொல்வது?

செவ்வாய், ஜூலை 8

காலையிலிருந்து தூறல். ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி. குருபரப்பள்ளி தாண்டும்வரை லாரிக்குப் பின்னால் லாரி. கார் வைப்பர் ஒரு பக்கம்தான் துடைக்கிறது. மாற்ற வேண்டும் (இதைப் போன மாதமும் எழுதியிருக்கிறேன்).

வேலை: பைக் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி. முதலாளி நாகராஜ் சார். பெயின்ட் அறையின் நெடியை வெளியே இழுக்கும் ஃபேன் பழசு. அது படுத்தால் பெயின்டில் கலக்கும் தின்னரின் நெடி உள்ளேயே நிற்கும், அங்கே வேலை செய்யும் பெண்களுக்குத் தலை சுற்றும். புது ஃபேன் வர நாளாகும். அதுவரை லைனை யார், எப்போது நிறுத்துவது? ஆலோசகர் என்று என்னைக் கூப்பிட்டது இதற்குத்தான். இப்போதைய வழக்கம், 'சாருக்கு ஒரு போன் போடு.' சார் பெங்களூரில் மீட்டிங்கில் இருப்பார். அவர் போன் எடுக்கும்வரை அறை ஓடும்.

அறிக்கை எழுதிக் கொடுத்தால் அலமாரியில் தூங்கும். அதனால் மேஜை விளையாட்டு. ஆளுக்கொரு வேஷம் எழுதிய அட்டை, நடுவில் அறையின் வரைபடம், ஒரு பகடை. நிலைமையை நான் சொல்வேன். அவர்கள் முடிவெடுக்க வேண்டும். என்ன ஆயிற்று என்பதைப் பகடை சொல்லும்.

மேஜையில்: நாகராஜ் சார். புரொடக்‌ஷன் மேனேஜர் வெங்கடேஷ். பெயின்ட் அறை சூப்பர்வைசர் மேரி, ஊர் சிங்காரப்பேட்டை. அறையில் இருக்கும் பெண்களில் பாதிப் பேர் அவளை நம்பி அங்கிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

"இன்னா மேடம், பரமபதமா?" வெங்கடேஷ் சிரித்தார்.

ஃபேன் நின்றுவிட்டது என்றேன். மற்ற இருவரும் சார் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டியதும் ஒரே குரலில், "நிறுத்தறோம் மேடம்." பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் நாள் மாதிரி. உதவாது.

புதன், 9

வேஷம் மாற்றினேன். சாரும் வெங்கடேஷும் பெயின்டர்கள். மேரி மேரியாகவே. முதலாளி போனில் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டோம். சாரின் அட்டையில் எழுதியிருந்தது: 'பீஸ் முடிக்காமல் வெளியே வரமாட்டேன்.' மனுஷர் ரசித்து நடித்தார்.

ஃபேன் நின்றது. "அண்ணா, எழுந்து வெளிய வாங்க!" வெங்கடேஷை மேரி ஒரே அதட்டலில் கிளப்பிவிட்டாள். சாரிடம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"சார், கொஞ்சம் வெளிய வர்றீங்களா சார்?"

"இன்னும் நாலு பீஸ் இருக்குது."

"சரிங்க சார். உங்களுக்கு எப்ப வசதியோ."

"மேரி, இவர் இப்ப சார் இல்ல. உங்க லைன் ஆளு" என்றேன்.

"தெரியுது மேடம்." மறுபடி அவரிடம், "ஃபேன் நின்னுடுச்சுங்க சார்." அவர் அசையவில்லை. இவளும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. இருப்பதிலேயே மோசமான எண்.

'பெயின்டர் இறந்துவிட்டார்' என்று சொல்லியிருக்கலாம். "சார், நீங்க இறந்துட்டீங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

வெங்கடேஷ் எழுந்துவிட்டார், பதற்றத்தில் தெலுங்கு வந்துவிட்டது. "அய்யய்யோ, ஏமி மேடம் இது! வாயால சொல்ற பேச்சா?" மேரி சிலுவை போட்டுக்கொண்டாள், கண் கலங்கியிருந்தது. சார் மட்டும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "போதும்" என்று எழுந்து போனார்.

திரும்பும் வழியெல்லாம் வெட்கம். என் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும். அதைவிடப் பெரிது பயம். நிஜத்தில் சார் அறைக்குள் இருக்கமாட்டார், போனில் இருப்பார். மேரி இதே 'சரிங்க சார்' சொல்வாள். உள்ளே அந்தப் பெண்கள் இருப்பார்கள்.

வெள்ளி, 11

கேஸ் சிலிண்டர் வந்தது. வாங்க: புளி, தக்காளி, டார்ச் செல், வைப்பர்!

மதியம் சார் போன். அபசகுனம் என்று திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "ஃபேன் நின்னா மேரியே லைனை நிறுத்தலாம்னு போர்டு எழுதி மாட்டிட்டேன் மேடம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு" என்று சேர்த்தார். அப்பாடா போயிற்று.

சனி, 12

சாயங்காலம் மேரி போன். பின்னால் கம்பெனி பஸ் சத்தம். காலையில் நிஜமாகவே ஃபேன் நின்றிருக்கிறது. ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேரி யாரையும் கேட்கவில்லை. லைனை நிறுத்தி எல்லோரையும் வெளியே துரத்திவிட்டாள். அந்தப் பெண்ணைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை.

சார் கம்பெனியில்தான் இருந்திருக்கிறார். இறங்கி வந்து, "யார் நிறுத்தினது?"

"நான்தான் சார்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"பண்ணியிருந்தா, இரு பார்க்கறேன்னு சொல்லியிருப்பீங்க சார். நானும் சரின்னு இருந்திருப்பேன்."

லைன் மொத்தமும் கேட்டிருக்கிறது. சார் பெயின்ட் அறையை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார்.

"வேலை போயிடுச்சு மேடம்" என்றாள் மேரி.

"அப்படிச் சொன்னாரா?"

"ஒண்ணுமே சொல்லல மேடம். அதான்."

அழவில்லை. "அந்தப் புள்ளைங்கள கூட்டியாந்தது நான். அவங்க அம்மாங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்றாள்.

பகடை கொண்டுபோனது நான். வேலையைப் பணயம் வைத்தது அவள்.

திங்கள், 14

வெயில் இல்லை, வெறும் காற்று. துணி காயாது. பல் தேய்ப்பதற்குள் சார் போன். மேரி வேலைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அக்கா வராமல் அறைக்குள் போகமாட்டோம் என்று பெண்கள் வெளியே நிற்கிறார்களாம்.

"நீங்க சொன்னா கேப்பாங்க. வரச் சொல்லுங்க மேடம்."

"வேலை போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க சார்."

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"அதனாலதான் சார்."

"இன்னா சொல்லணும்ங்கறீங்க?"

"நீ செஞ்சது சரின்னு."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதை எப்படி மேடம், எல்லார் முன்னாடியும்..."

"எல்லார் முன்னாடியும்தானே சார் அவங்க நிறுத்தினாங்க."

அவர் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டது, பிறகு வெளியே நிற்கும் பெண்களின் பேச்சுச் சத்தம். அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.