மேஜைச் சாவியைத் தேட வேண்டாம்

ஏங்க,

பட்டறை மேஜைச் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாப் புரட்டாதீங்க. உங்க சட்டைப் பையிலிருந்து நான்தான் எடுத்தேன். ஆபீஸ் வேலைக்குன்னு நீங்க சேர்த்த பொண்ணுகிட்ட போற வழியில குடுத்துடுவேன்.

நேத்து அவ என்கிட்ட அழாத குறையா சொன்னா: "அக்கா, நான் வேலையை விட்டு நின்னுக்கறேன். நான் வர்றதுக்குள்ள சாரே எல்லா லெட்டரையும் எழுதி, மேஜையைப் பூட்டிடறார். போன் அடிச்சா ரம்பத்தைப் போட்டுட்டு ஓடி வர்றார். நான் நாள் முழுக்க ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

ஆளையும் வச்சுட்டு, அந்த ஆளோட வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யற முதலாளியை எங்கயாவது பாத்திருக்கீங்களா? கண்ணாடியில பாருங்க.

ஊருக்கெல்லாம் கதவு செய்றீங்க. நம்ம பாத்ரூம் வாசல்ல ஆறு மாசமா போர்வை தொங்குது. கேட்டா, லெட்டர் வேலை கழுத்தை நெரிக்குதாம்! சாயங்காலம் எங்க அண்ணன் குடும்பத்தோட வர்றார். மானம் போகும்.

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க. பலகை மாடிப்படிக்குக் கீழே, கீல் ஜன்னல் ஓரம்.

பி.கு. உங்க போனும் என் பையிலதான் இருக்கு. அதையும் அவகிட்டயே குடுத்துடறேன். யார் கூப்பிட்டாலும், "முதலாளி கதவு செஞ்சிட்டிருக்கார்"னு சொல்லச் சொல்றேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க.