மலை இல்லாத ஊரில் காலை நீட்டினேன்

நந்தினி அப்பாவுக்கு,

நீங்களும் குழந்தையும் அத்தையும் சுகம்தானே? திருவண்ணாமலையில் வெயில் ஜாஸ்தியா? போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இடுப்பு பிடித்துக்கொண்டது. பருமனான நோயாளிகளைத் தனியாளாகப் புரட்டச் சொன்னால் வேறென்ன ஆகும்? பிலாட்டீஸ் என்று ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். படுத்தபடி செய்யும் உடற்பயிற்சிதான், பயப்படாதீர்கள்.

நேற்று முதல் வகுப்பு. பாயில் மல்லாந்து காலை நீட்டச் சொன்னார்கள். எனக்குக் கால் நீளவில்லை. "மலைதாம்மா சாமி, அந்தப் பக்கம் காலை நீட்டாத" என்று அத்தை சொல்வது காதில் விழுந்தது. "மலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேவிட்டேன். பக்கத்துப் பாயில் இருந்த மலையாளி நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். குவைத்தில் ஏது மலை? நீட்டிய காலைத் தூக்கத்தான் முடியவில்லை. இடுப்பு சரியாகாவிட்டால் வேலை இல்லையாம்.

அத்தை கேட்டால், "வலி கம்மியாயிடுச்சாம்" என்று சொல்லுங்கள். யாராவது வந்தால் தைலம் கொடுத்தனுப்புங்கள். நந்தினி தூக்கத்தில் மலைப் பக்கம் காலை நீட்டுவாள், மெல்லத் திருப்பிவிடுங்கள்.

டியூட்டி வேன் வந்துவிட்டது. இங்கே நான் எந்தப் பக்கம் காலை நீட்டிக் கிடந்தாலும் திருப்பிவிட ஆளில்லை.

செல்வி