காய்ச்சலால் காலமானார்

24 ஜனவரி 1943, ஞாயிறு.

மாலையில் கல்லூரிப் பழைய மாணவர் கூட்டம். கடந்த ஓராண்டில் இறந்தவர்களைப் பற்றிய குறிப்பைச் செயலாளரான நான்தான் வாசித்தேன். என் வகுப்புத் தோழன் முத்தையாவை ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' ஊர்வலத்தில் போலீஸார் தடியால் அடித்தே கொன்றார்கள். வெள்ளைக்காரக் கலெக்டர் துரை முன்வரிசையில் இருந்ததால், "காய்ச்சலால் காலமானார்" என்று வாசித்தேன்.

உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த முத்தையாவின் அண்ணன் மேடையேறி என்னை அறைந்தார். உதடு கிழிந்தது.

"எந் தம்பி மண்டை பொளந்து கெடந்தப்ப நீயுந்தான ஒரு கை பிடிச்சுத் தூக்குன? எந்தக் காய்ச்சல்ல அம்புட்டு ரத்தம் வரும், சொல்லுடா."

துரைக்குக் காவலாக வந்த போலீஸார் அவரை உதைத்து வெளியே இழுத்துப்போனார்கள். என் ரத்தம் காகிதத்தில் சொட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, அடுத்த பெயரை வாசித்தேன்.