மலைக்குப் போகும் கடைசி பஸ்

வியாழன், இரவு.

"அவளை விடுங்கள் சார், மலைக்குக் கடைசி பஸ் கிளம்பிவிடும்" என்று நான் இன்று சொல்லவில்லை. கல்லூரி அரங்கில் முதல்வருக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையின் நோக்கம், மலை மக்களுக்குச் சேவை என்று சென்னையிலிருந்து வந்திருந்த பேச்சாளர் முடிக்க மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். கல்வராயன்மலையிலிருந்து என் வகுப்புக்கு வரும் ஒரே பெண் பூங்கொடி, பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"பஸ்சு போயிடும் சார்."

"உக்காரும்மா. உங்க ஊருக்குச் சேவ செய்யறதப் பத்திதான் பேசிக்கினு இருக்காரு" என்றார் முதல்வர்.

"போனா இன்னாடி, பேச வந்தவரு கார்ல கொண்டுபோயி உட்ருவாரு" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. அரங்கமே சிரித்தது. பூங்கொடி உட்கார்ந்தாள். கடைசியில் எல்லோரும் கைநீட்டிச் சேவை உறுதிமொழி எடுத்தார்கள். அவளும் நீட்டினாள்.

என் வேலை தற்காலிகம்தான். ஆனால் நான் வாய் திறக்காததற்கு அது மட்டுமே காரணமில்லை; முதல்வருக்குப் பக்கத்து நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.

பேச்சாளரின் கார் சென்னைக்குக் கிளம்பியது. பஸ் போய்விட்டிருந்தது. என் அறையில் காத்திருந்தவளை அழைத்துப் போக, யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு அவள் அப்பா இருட்டில் மலையிறங்கி வந்தார். கோபப்படவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். இனிமே அனுப்பப் பயமா இருக்குதுங்க."

நூலகத்தில் எடுத்திருந்த இரண்டு புத்தகங்களையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பூங்கொடி வண்டியில் ஏறினாள்.